மஸ்கட்ல மூணு ராத்திரி: அப்பா அம்மாவோட, கொஞ்சம் ஆடம்பரமா. எங்க தங்கலாம்?

துபாய்_தஞ்சாவூரான்:
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரில அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், அது முடிஞ்ச கையோட ரெண்டு பேரையும் இங்க துபாய்க்குக் கூட்டிட்டு வரேன். மால் மாலா சுத்தறதுல அப்பாவுக்கு சுத்தமா இஷ்டமில்ல, ஹிஸ்டரி வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர், கோட்டை கொத்தளம்னா சோறு தண்ணி வேணாம். அதான் கடைசியில பக்கத்து ஓமன்ல மஸ்கட் மூணு ராத்திரின்னு முடிவு பண்ணிருக்கேன். வியாழன் சாயங்காலம் போய் ஞாயிறு ராத்திரி திரும்பறது. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற மாட்டாங்க, சுத்த சைவம். இந்த ஒரு தடவை செலவைப் பத்திக் கவலைப்படப் போறதில்ல. அல் புஸ்தான் பேலஸ், செடி (The Chedi), பர் அல் ஜிஸ்ஸால இருக்கற ஷாங்ரி-லா, இந்த மூணு ஹோட்டல்ல எது? நடுவுல ஒரு ராத்திரி ஜபல் அக்தர் மலைக்குப் போலாமா? விசா எப்படின்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரூவிவாசி:
ஹோட்டலை அப்புறம் பாக்கலாம் தம்பி, மொதல்ல கிழமையைப் பாருங்க. இங்க வெள்ளி சனி லீவு, வெள்ளிக்கிழமை காலைல ஊரே தூங்கும், மத்ரா சூக் (பழைய கடைவீதி) மூடியிருக்கும், சாயங்காலம்தான் உசுரு வரும். சுல்தான் கபூஸ் பெரிய மசூதில முஸ்லிம் அல்லாதவங்களை சனி முதல் வியாழன் வரைக்கும், அதுவும் காலைல 8 டு 11 மட்டும்தான் விடுவாங்க. துபாய்லேருந்து வீக்கெண்டுக்கு வர்றவங்க வெள்ளி காலைல கார்ல போய் அந்த வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டுத் திரும்பறதைப் பாத்துட்டுதான் இருக்கேன். உங்களுக்கு சனி, ஞாயிறு ரெண்டு காலை கைல இருக்கு, சனிக்கிழமை 8 மணிக்கே மசூதில நில்லுங்க. 2001ல திறந்தது. உள்ள தொழுகை ஹால்ல ஒரே கார்பெட், 70க்கு 60 மீட்டர், 21 டன், ஈரான்ல 600 பொண்ணுங்க நாலு வருஷம் முடிச்சுப் போட்டு நெய்தது. அது மேல கால் படாம இருக்க நீலக் கலர்ல ஒரு நடைவிரிப்பு போட்டிருப்பாங்க, அது வழியாதான் நடக்கணும். சுவத்துக்கு உபயோகிச்ச மணற்கல் நம்ம இந்தியாலேருந்து போனது, அப்பாகிட்ட மறக்காம சொல்லுங்க.

இப்ப ஹோட்டல். மஸ்கட் கடலை ஒட்டி நீளமா கிடக்கற ஊரு. மேக்கால ஏர்போர்ட், அப்புறம் மசூதி, செடி, ஒப்பேரா ஹவுஸ், அப்புறம் மத்ரா, பழைய மஸ்கட், அதையும் தாண்டி மலை சுத்திப் போனா அல் புஸ்தான், இன்னும் போனா பர் அல் ஜிஸ்ஸா. ஷாங்ரி-லா அழகுதான், ஆனா ஏர்போர்ட்லேருந்து முக்கால் மணி நேரம், ஊருக்குள்ள வரணும்னாலே டாக்ஸி, அம்மாவை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை அலைய விடணும். கோட்டை பாக்க வர்ற ஆளுக்கு அல் புஸ்தான்தான். 1985ல வளைகுடா நாட்டுத் தலைவருங்க மாநாட்டுக்காகக் கட்டினது, உள்ள நுழைஞ்சதும் 38 மீட்டர் உசரத்துக்குக் குவிமாடம், அங்கேருந்து பழைய மஸ்கட் கிட்டக்க. ரேட் பாக்கும்போது வரி, சர்வீஸ் சார்ஜ் சேத்தா சேக்காமலான்னு கேட்டுடுங்க, இங்க நிறைய இடத்துல அது தனி.

ஜபல் அக்தரை விடுங்க. அடிவாரத்துல போலீஸ் செக்போஸ்ட், ஃபோர்வீல் டிரைவ் இல்லாம மேல விட மாட்டாங்க, ஜனவரில ராத்திரி நல்ல குளிரு, முட்டி வலிக்காரங்களுக்கு எதுக்கு.

சும்மா_சொல்றேன்:
ரூவிவாசி அண்ணே சொன்னதுல ஹோட்டல் விஷயம் மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஒரு ராத்திரிக்கு அவ்ளோ காசு குடுத்துட்டு நாள் பூரா வெளிய சுத்தினா அப்புறம் எதுக்கு அந்த ரூம். செடிக்கே போங்க ப்ரோ, 103 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீச்சல் குளம், எல்லாம் தரைமட்டம், சத்தமே இருக்காது, அம்மா கடலைப் பாத்துட்டு காவா (அரபுக் காப்பி) குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க, நீங்க அப்பாவைக் கூட்டிட்டு ஊர் சுத்துங்க. மசூதியும் ஒப்பேரா ஹவுஸும் பக்கம் வேற. ஒண்ணு, துபாய் மாதிரி பளபளப்பை எதிர்பாத்து வராதீங்க, இங்க வானத்தைத் தொடற பில்டிங்கே கிடையாது, எல்லாம் வெள்ளை வெள்ளையா குட்டையா இருக்கும், அதுதான் அழகே.

கப்பல்காரன்_நாகை:
ஹிஸ்டரி வாத்தியார்னு சொன்னதால எழுதறேன். பழைய மஸ்கட்ல சுல்தானோட அல் ஆலம் அரண்மனைக்கு ரெண்டு பக்கமும் பாறை மேல ஜலாலி, மிரானின்னு ரெண்டு கோட்டை. 1507ல அல்புகெர்க் வந்து ஊரைக் கொளுத்தினதுலேருந்து 1650 வரைக்கும் போர்ச்சுகீசியர் கைல இருந்த ஊரு, நடுவுல துருக்கிக்காரன் அடிச்சதுக்கப்புறம்தான் இந்த ரெண்டையும் இப்படி பலமாக் கட்டினாங்க. ஜலாலி 1970கள் வரைக்கும் ஜெயிலு. வெளியேருந்து பாக்கறதே போதும், ஏற வேண்டியதில்ல, அம்மாவும் வரலாம். துறைமுகத்தைச் சுத்தின பாறைல அந்தக் காலத்துல வந்த கப்பல்காரங்க அவங்கவங்க கப்பல் பேரை பெயிண்ட்ல எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க. எங்க நாகப்பட்டினத்துலயும் 1658 வரைக்கும் அதே போர்ச்சுகீசியர்தானே, அப்பாவுக்குப் பேச நிறைய கிடைக்கும்.

இன்னொண்ணு, அல் புஸ்தான் ரவுண்டானால ஒரு மரக்கப்பல் நிக்கும், பேரு சோஹார், காரை நிறுத்திப் பாருங்க. 1980ல டிம் செவெரின்னு ஒரு பயண எழுத்தாளர் சிந்துபாத் போன வழில மஸ்கட்லேருந்து சீனாவுக்குப் போன கப்பல் அது. ஆணியே கிடையாது, பலகையெல்லாம் தேங்கா நார்க்கயிறால தச்சது. மரம் கேரளாப் பக்கத்துலேருந்து போச்சு, வழில கள்ளிக்கோட்டை, இலங்கை எல்லாம் நின்னு போனாங்க.

துபாய்_தஞ்சாவூரான்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கப்பல் விஷயத்தை அப்பாகிட்ட போன்ல சொன்னேன், இப்பவே அட்லஸ் எடுத்துட்டாராம் 😄 அப்ப வெள்ளிக்கிழமை காலைல என்ன பண்றது? நிஸ்வா போலாமா?

ரூவிவாசி:
வெள்ளிதான் நிஸ்வாவுக்கே நாளு. ஆட்டுச் சந்தை வெள்ளி காலைல மட்டும்தான், விக்கறவன் ஆட்டைப் புடிச்சிட்டு வட்டமா சுத்துவான், வாங்கறவன் உக்காந்துட்டே பல்லையும் மடியையும் தொட்டுப் பாத்து விலை கூவுவான், 9 மணிக்கெல்லாம் கலைஞ்சிடும், அதனால விடியறதுக்கு முன்னாடியே கெளம்பணும், 140 கிலோமீட்டர் சொச்சம். 1650ல போர்ச்சுகீசியரைத் துரத்தின ஓமன் ஆட்சியாளர் இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டின வட்டக் கோபுரம்தான் நிஸ்வா கோட்டை. படியேறி வர்ற எதிரி தலைல மேல ஓட்டை வழியா கொதிக்கற பேரீச்சம்பழப் பாகை ஊத்தறதுக்குன்னே ஏற்பாடு பண்ணி வச்சிருக்கான் பாருங்க! அப்பா ஏறட்டும், அம்மா கீழ சூக்ல ஹல்வா வாங்கட்டும். அவ்ளோ சீக்கிரம் எந்திரிக்க முடியாதுன்னா பந்தர் அல் ரவுதா மெரினாலேருந்து டால்பின் போட் காலைல போகும், அல் புஸ்தானுக்குப் பக்கம்.

மீனா_சீப்:
அம்மா விஷயம் யாருமே சரியா சொல்லல, நான் சொல்றேன் தம்பி. மசூதிக்குப் புடவையோட போனா இடுப்பு, கை, தலை எல்லாம் மூடணும், பெரிய ஷால் கொண்டு வாங்க, இல்லன்னா வாசல்லயே அபாயா வாடகைக்குத் தருவாங்க. அல் ஆலம் அரண்மனைக்குப் பக்கத்துலயே பழைய சிவன் கோயில் இருக்கு, மோத்தீஸ்வர், கட்ச்லேருந்து வந்த வியாபாரிங்க வச்சது, 100 வருஷத்துக்கு மேல ஆச்சு, 2018ல மோடி கூட வந்தாரு. கோட்டை பாக்கற அன்னிக்கே முடிச்சிடலாம். சாப்பாட்டுக்குக் கவலையே வேணாம், ரூவி பக்கம் இட்லி தோசைக்குப் பஞ்சமில்ல, ஆனா ஹோட்டல்ல முன்னாடியே மெயில் போட்டு சைவம்னு சொல்லி வைங்க, மீன் போட்டதைக் கூட சைவம்னு கொண்டு வந்து வச்ச அனுபவம் எனக்கு இருக்கு, எந்த ஹோட்டல்னு கேக்காதீங்க. மத்ரால சாம்பிராணி வாங்கினா பச்சை கலந்த வெள்ளையா கண்ணாடி மாதிரி இருக்கறதுதான் ஒசத்தி, ஹோஜரின்னு கேளுங்க, தெற்கு ஓமன்ல இருக்கற தோஃபார்லேருந்து வர்றது. கடைக்காரர் சொல்ற முதல் விலைக்கு ஒத்துக்காதீங்க.

முக்கியமான விஷயம், அப்பா அம்மா துபாய்க்கு சிங்கிள் என்ட்ரி விசிட் விசால வந்தா மஸ்கட்டுக்குக் கிளம்பின உடனே அது முடிஞ்சுடும், திரும்ப உள்ள விட மாட்டாங்க. அதனால ஒண்ணு மல்டிபிள் என்ட்ரி எடுங்க, இல்லன்னா மஸ்கட்லேருந்தே அவங்களை நேரா சென்னைக்கு ஏத்தி விடுங்க, ஓமன் ஏர் டைரக்ட் இருக்கு. ஓமன் விசா ராயல் ஓமன் போலீஸோட ஈ-விசா சைட்லயே எடுத்துக்கலாம், உங்களுக்கு எமிரேட்ஸ் ரெசிடென்ஸ் இருக்கறதால தனி கேட்டகிரி, அவங்களுக்கு டூரிஸ்ட் விசா.

துபாய்_தஞ்சாவூரான்:
அக்கா, விசா விஷயம் சொன்னதுக்குக் கோடி புண்ணியம், சிங்கிள் என்ட்ரிதான் அப்ளை பண்ண இருந்தேன். அப்ப மஸ்கட்லேருந்தே சென்னை டிக்கெட் போட்டுடறேன். ஹோட்டல் அல் புஸ்தான்தான், செடி பார்ட்டி மன்னிக்கணும் 🙏

சும்மா_சொல்றேன்:
பரவால்ல ப்ரோ. ஒரு நாள் சாயங்காலம் செடிக்கு டின்னருக்காவது கூட்டிட்டுப் போங்க, டேபிள் முன்னாடியே புக் பண்ணிடுங்க.