புதுப்பிப்பு: தருமபுரி மாடி வீட்டுக்கு ஆள் வந்தாச்சு

தருமபுரியில் எங்கள் மாடி வீடு நாலு மாதமாகக் காலி, குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று தை மாதம் கேட்டிருந்தேன். இப்போது குடி வந்துவிட்டார்கள். வாடகை 5,500-லிருந்து 6,500.

உதவியது தண்ணீர்தான். நம் மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் கறை படியும். குழந்தை வைத்திருப்பவர்கள் முதலில் அதைத்தான் கேட்டார்கள். அதனால் ஒகேனக்கல் குடிநீருக்கென்று 500 லிட்டர் தொட்டி வைத்து, சமையலறை வரை தனிக் குழாய் இழுத்தேன். போர் தண்ணீர் அதில் கலக்கவே கலக்காது. பிளம்பர் கூலியோடு 9,000 ரூபாய்.

அப்புறம் ஜன்னல்களுக்குக் கொசுவலை, மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட். டைல்ஸ் மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அதைத் தொடவில்லை. பார்க்க வந்த யாரும் தரையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பெயிண்ட் எவ்வளவு சூட்டைக் குறைக்கிறது என்று சித்திரை வெயிலில் குடியிருப்பவர்களிடமே கேட்டுச் சொல்கிறேன்.