பத்து ஃபெரிங்கி கடற்கரை வேண்டாம், பினாங்கில் வேறெங்கே போகலாம்?

செந்தூல்காரன்:
தீபாவளி முடிஞ்சு அடுத்த வாரம் குடும்பத்தோட கோலாலம்பூர் செந்தூல்லருந்து பினாங்குத் தீவுக்கு வர்றோம். அம்மாவுக்கு 68 வயசு, பிள்ளைங்க ரெண்டும் ஆரம்பப் பள்ளி. போன தடவை பத்து ஃபெரிங்கியில தங்கி நொந்துட்டேன். பாய விரிச்சு உட்கார விடல. ஜெட்ஸ்கி வேணுமா, குதிரை வேணுமான்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர். கூட்டமில்லாத கடற்கரை எது? பினாங்கு ஆளுங்க சொல்லுங்க.

காட்டுவழி:
யோசிக்கவே வேண்டாம், பந்தாய் கெராச்சுட் கடற்கரை. ஜார்ஜ் டவுன் கொம்தார் கட்டடத்தில் 101 பஸ் ஏறி தெலுக் பஹாங்கில் இறங்குங்கள், அங்கேதான் தேசியப் பூங்கா வாசல். உள்ளே மூன்றரை கிலோமீட்டர் சொச்சம் காட்டு நடை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்ட நேரத்தில் மரங்களுக்கு நடுவே திடீரென்று வெளிச்சம், ஒரு பாலம், கீழே ஏரி. மேலே மழைத் தண்ணீர், அடியில் கடலின் உப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கும். எல்லா மாதமும் நிறைந்திருக்காது, அது உங்கள் யோகம். பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. ஆமைப் பாதுகாப்பு நிலையமும் அங்கேயே இருக்கிறது.

பாலிக்புலாவ்_அக்கா:
68 வயசு அம்மாவைக் காட்டுல மூன்றரை கிலோமீட்டர் நடக்கச் சொல்றீங்களே தம்பி, நல்லா இருக்கு! அதுவும் தீபாவளி சமயம், நம்ம பக்கம் மழை. வேரெல்லாம் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். சரி, போய்ச் சேர்ந்தாச்சு. அங்க நீரோட்டமும் சொறிமீனும். தண்ணில இறங்காதேன்னா பிள்ளைங்க கேட்குமா?

காட்டுவழி:
அக்கா, நடக்க முடியாதவர்களுக்கு தெலுக் பஹாங்கிலிருந்து போட் இருக்கிறது. சொறிமீன் பத்து ஃபெரிங்கியிலும்தான் வரும், அங்கே யாரும் பயப்படுவதில்லை.

பாலிக்புலாவ்_அக்கா:
பத்து ஃபெரிங்கியில கொட்டினா கால் மணி நேரத்துல கிளினிக். கெராச்சுட்ல போட்டுக்காரர் திரும்பி வர்ற வரைக்கும் கத்திக்கிட்டே உட்காரணும். அதுதான் வித்தியாசம். அமைதியா இருக்குன்னா ஏன் அமைதியா இருக்குன்னு முதல்ல கேளுங்க.

எங்க பக்கம் பாசிர் பாஞ்சாங் கடற்கரை இருக்கு, பூலாவ் பெத்தோங் ஊரைத் தாண்டி. அழகான மணல், வார நாள்ல ஈ காக்கா இருக்காது. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை அங்க குடும்பம் குடும்பமா பிக்னிக் போயிருந்தாங்க. மத்தியானம் சுனாமி. பினாங்குல மட்டும் 50 பேருக்கு மேல போனாங்க, அதுல நிறைய பேர் அந்தக் கரையில. எங்க சித்தி வீடு அன்னைக்குக் கிளம்பி, பெட்ரோல் போட நின்னு, தாமதமா போனதால தப்பிச்சது. இன்னமும் அவங்க அந்தப் பக்கம் காரைத் திருப்புறதில்ல. போகாதேன்னு சொல்லல. தெரிஞ்சு போங்க.

குரங்கு_பயம்:
அதே தேசியப் பூங்காவுல இருக்கிற மங்கி பீச் பத்தி யாரும் பேசலையே? அமைதின்னு நினைச்சு சனிக்கிழமை போனேன். போட்டுக்குப் பின்னாடி போட், கோழி வாட்டுற புகை, ஸ்பீக்கர்ல பாட்டு. என் ரொட்டிப் பையைத் தூக்கிட்டுப் போன குரங்கு மரத்து மேல உட்கார்ந்து ஜிப்பை இழுத்துத் திறந்துச்சு. நான் வீட்ல திறக்கிறதை விட வேகமா! மேல முக்கா ஹெட் கலங்கரை விளக்கம், 1883-ல் கட்டினது. அந்த ஏற்றத்துலதான் ஆள் நடமாட்டம் இல்ல.

மணல்மேடு:
இப்படி எழுதி எழுதித்தான் எல்லாக் கரையும் பத்து ஃபெரிங்கி ஆகுது. ஆமை வர்ற இடத்தையே ஊருக்கெல்லாம் முகவரி எழுதிப் போட்டாச்சு. போன மாசம் கெராச்சுட் மணல்ல நான் பொறுக்கினது நாசி லெமாக் பொட்டலத் தாளும் டயப்பரும்.

காட்டுவழி:
அது தேசியப் பூங்கா ஐயா, 2003-லேயே அறிவித்தாகிவிட்டது. மறைப்பதற்கு அது உங்கள் வீட்டுக் கொல்லை இல்லை. குப்பை போடுகிறவனைத் திட்டுங்கள், வழி சொல்கிறவனை ஏன் திட்டுகிறீர்கள்?

மணல்மேடு:
வழி சொல்ற நீங்க குப்பையைத் திரும்ப எடுத்துட்டு வான்னு ஒரு வரி எழுதினீங்களா? மேல போய்ப் பாருங்க.

காட்டுவழி:
எழுதவில்லை. சரி.

தெலுக்கும்பார்_மாப்பிள்ளை:
செந்தூல்காரரே, சண்டையில உங்க அம்மாவை மறந்துட்டாங்க. தெற்குப் பக்கம் வாங்க. தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல். காரை நிறுத்தினா பத்தடியில மணல். தண்ணி கலங்கல்தான், நீலக் கடல்லாம் எதிர்பார்க்காதீங்க. மீனவர் படகுங்க, வலை காயப் போட்டிருக்கும், விமானம் தாழ்வாப் போகும், பிள்ளைங்க கை காட்டும். என் மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியை அலை தொடுற இடத்துல போட்டு உட்காருவார். அவ்வளவுதான் அவர் கடல் குளியல்.

பாலிக்புலாவ்_அக்கா:
அங்கதானே தீவு உண்டாக்க மண் கொட்டிக் கடலை ரொப்புறாங்க?

தெலுக்கும்பார்_மாப்பிள்ளை:
ஆமா, 2023-ல் ஆரம்பிச்சாங்க. முதல்ல 3 செயற்கைத் தீவுன்னாங்க, எதிர்ப்புக்கு அப்புறம் ஒண்ணு. மீனவங்க இன்னும் குமுறிக்கிட்டுத்தான் இருக்காங்க. அடிவானத்துல வேலை தெரியும், பொய் சொல்ல மாட்டேன். பார்க்கணும்னா இப்பவே பார்த்துடுங்க, அதுதான் நான் சொல்றது.

செந்தூல்காரன்:
அம்மாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். அந்த நாற்காலிதான் பிடிச்சிருக்காம். தெலுக் கும்பார்னு முடிவு. பிள்ளைங்களை மட்டும் ஒருநாள் காலையில போட்ல கெராச்சுட் கூட்டிப் போறேன், தண்ணில இறக்க மாட்டேன் அக்கா, சத்தியம். குப்பைப் பையும் உண்டு. மாப்பிள்ளை, அங்க நாற்காலி கிடைக்குமா, செந்தூல்லருந்தே ஏத்திட்டு வரணுமா?

தெலுக்கும்பார்_மாப்பிள்ளை:
ஏத்திட்டு வாங்க. மாமனார் அவரோடதைக் குடுக்க மாட்டார்.