எண்ணெய் குறைத்த குழம்புக்கு அளவு சொல்லுங்கள்

காரைக்குடிப் பக்கம் எடை குறைக்க நினைக்கிறவர்களுக்காக ஒரு சாப்பாட்டு அளவு தயாரிக்கிறோம். மாதம் 2 கிலோ குறைந்தால் போதும். நாளுக்கு 500 கலோரி குறைத்தாலே ஏறக்குறைய அது நடக்கும். சோற்றை அடியோடு நிறுத்தினால் பசி தாங்காமல் ராத்திரி முறுக்கு டப்பாவைத் திறக்கத்தான் வைக்கும்.

மதியம் சோறு 150 கிராம் (வெந்த எடை, சுமார் 200 கலோரி), காய் அதைவிடக் கூடுதல், மீன் 100 கிராம். சைவர்களுக்குக் கெட்டிப் பருப்பு, தயிர்.

சிக்கல் எண்ணெயில்தான். ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. தேங்காய், சோம்பு, கசகசா அரைத்த மசாலா எண்ணெய் பிரிய வதங்க வேண்டும். குறைத்தால் அடிப்பிடிக்கிறது, பச்சை வாடை போவதில்லை. தண்ணீர் தெளித்து வதக்கினால் மணம் இல்லை. நாலு பேர் குழம்பை 2 மேசைக்கரண்டியில் முடிக்கும் பக்குவம் ஆச்சிமார் யாருக்காவது தெரியுமா? தேங்காயைப் பாதியாக்கி, மற்றதை வெறும் சட்டியில் வறுத்து அரைத்தால் சரிவருமா?

வெள்ளைப் பணியாரம் பொரிக்காமல் வராது, விசேஷத்துக்கு ஒன்றோடு சரி. குழிப்பணியாரம் இரும்புச் சட்டியில், குழிக்குக் கால் தேக்கரண்டி எண்ணெயில் ஒட்டாமல் எடுக்க வழி சொல்லுங்கள்.

கவுனி அரிசி (கறுப்பு அரிசி) நல்லதுதான். சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டினால் எடை எங்கே குறையும்? உப்புக் கஞ்சியாக வைப்பவர்கள் தண்ணீர் அளவு எழுதுங்கள்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்க வேண்டாம். உழக்கில் அளவு சொல்கிறவர்கள் கிராமிலும் சேர்த்துச் சொல்லுங்கள், வீட்டுக்கு வீடு உழக்கு மாறுகிறது.