எட்டாம் வகுப்புக்கு ஹைக்கூவும் தூரிகை எழுத்தும்: எங்கிருந்து தொடங்குவது?

காப்பிக்காடு (கேள்வி)

வணக்கம். ஏற்காட்டில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். முப்பது பிள்ளைகள். ஜனவரியில் ஆறு பீரியட் தனியாகக் கிடைக்கிறது, ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஹைக்கூ எழுதவைத்து, ஜப்பானியத் தூரிகை எழுத்தையும் கொஞ்சம் பழக்கி, கடைசியில் இரண்டையும் வராந்தாவில் மாட்ட எண்ணம்.

ஹைக்கூவின் மூன்று வரிக்குச் சொல்லும் 5-7-5 என்ற கணக்கைத் தமிழில் எதை வைத்து எண்ணச் சொல்வது, எழுத்தா அசையா? தூரிகை, மை, தாள் எல்லாம் சேலத்தில் கிடைப்பதை வைத்தே சமாளிக்க முடியுமா? ஜப்பானிய எழுத்தே தெரியாத பிள்ளைகளை என்ன எழுதச் சொல்வது? இன்னொன்று: பிள்ளைகளின் மூன்று வரிகள் பெரும்பாலும் பொன்மொழியாகவே முடிகின்றன. அதை எப்படித் திருத்துவது?

முதுவேனில்

5-7-5ஐ முதல் நாளே கரும்பலகையில் எழுத வேண்டாம். எழுதிவிட்டால் பிள்ளைகள் விரல் மடக்கி எண்ணுவதிலேயே இருப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே மாட்டார்கள்.

ஜப்பானியர் எண்ணுவது எழுத்தும் அல்ல, அசையும் அல்ல. நம் மாத்திரைக்கு நெருக்கமான கால அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மெய்யில்தான் வேறுபாடு: நமக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு இரட்டிக்கும் ஒற்றும் சொல்லின் இறுதி 'ன்'னும் முழுதாக ஒன்று. 'நிப்பொன்' அவர்கள் கணக்கில் நி-ப்-பொ-ன், நான்கு. டோக்கியோவும் தொ-ஒ-க்யொ-ஒ, நான்குதான். இலக்கணம் படித்த எட்டாம் வகுப்புக்கு இதைப் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஆனால் அதே கணக்கைத் தமிழுக்குப் போடாதீர்கள். 'விழுந்துகொண்டிருக்கிறது' என்ற ஒரு வினையே பன்னிரண்டு எழுத்து. எண்ணிக்கையைக் காப்பாற்ற வேண்டிப் பிள்ளைகள் சொல்லை வெட்டுவார்கள், ஒட்டுவார்கள். மூன்று வரி, நடுவரி சற்று நீளம், மொத்தம் பத்துச் சொல்லுக்குள் என்று வரம்பு வைத்தால் போதும். பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோதும் அதன் சுருக்கத்தைத்தான் பாராட்டினார்.

எண்ணிக்கையைவிட முக்கியம் இரண்டு. ஒன்று பருவச்சொல், ஜப்பானியத்தில் கிகோ. இதற்கு நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே அடித்தளம் இருக்கிறது: முதற்பொருளில் வரும் பெரும்பொழுது, அதோடு கருப்பொருள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பத்தி போட்டு, அவர்கள் ஊரில் அந்தந்தக் காலத்தில் கண்ணில் படுவதை நிரப்பச் சொல்லுங்கள். காப்பிப் பழம் பறிப்பு, காப்பிப் பூ, பலா, கீழே சேலத்தில் மாங்காய் மண்டி, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, களத்தில் காயும் மரவள்ளி மாவு. ஜப்பானியப் பட்டியலை அப்படியே கொடுக்கக் கூடாது. அங்கே தவளை வசந்தத்துக்கு உரியது, மூடுபனி இலையுதிர் காலத்துக்கு. நம் தவளை மழையோடு வருவது. ஏற்காட்டுப் பிள்ளைக்கு மூடுபனி என்றால் கார்த்திகை, மார்கழி.

இரண்டாவது வெட்டு. ஜப்பானியத்தில் 'யா', 'கெரி' போன்ற வெட்டுச்சொற்கள் கவிதையை இரண்டாகப் பிரிக்கும். தமிழில் முதல் வரியைப் பெயர்ச்சொல்லில் நிறுத்தினாலே அந்த வேலை நடந்துவிடும். பொன்மொழி வருவதற்குக் காரணம் இந்த வெட்டு இல்லாததுதான். மூன்று வரியும் ஒரே வாக்கியமாக ஓடினால், கடைசி வரி 'முடிவு' சொல்லியே தீரும்.

வகுப்பில் காட்ட ஓர் எடுத்துக்காட்டு. பிள்ளை முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

மூடுபனி
இயற்கை போர்த்திய போர்வை
மனதில் அமைதி

உவமையை எடுக்கச் சொல்லுங்கள். 'மனம்', 'அமைதி', 'இயற்கை' மூன்றையும் அடியுங்கள். பிறகு ஒரே கேள்வி: "அங்கே நின்றபோது காதில் என்ன விழுந்தது?" அதற்கு வரும் பதிலிலிருந்து:

மூடுபனி
காப்பிச் செடிகளுக்கு நடுவே
கூடை வைக்கும் ஓசை

பனியை இதில் யாரும் விளக்கவில்லை, ஆனால் ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது தெரிகிறது. பருவம் இல்லாமல், மனிதரைக் கேலி செய்து எழுதினால் அதைத் தவறென்று அடிக்காதீர்கள். அது சென்ரியு, தனி வகை. பெயரைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்கும் மகிழ்ச்சி.

கன்னங்குறிச்சி

பொருள்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மை: கடையில் 'இந்தியன் இங்க்' என்று கொடுப்பதை வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் அரக்கு கலந்திருக்கும். காய்ந்தால் தண்ணீரில் கரையாது, ஒரே வகுப்பில் தூரிகை குச்சியாகிவிடும். போஸ்டர் கலர் கறுப்பு கெட்டியாக நிற்கும், கோடு ஓடாது. ஆன்லைனில் ஜப்பானிய அல்லது சீனப் புட்டி மை கிடைக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்புக்கு இரண்டு தேக்கரண்டி தாராளம். மிஞ்சியதைப் புட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது, மொத்தமும் நாற்றமடிக்கும். மைக்கட்டியைக் கல்லில் உரைப்பதை நீங்கள் ஒருமுறை செய்து காட்டினால் போதும். சில துளித் தண்ணீர், அழுத்தாமல் வட்டமாக, கால் மணி நேரம். கட்டியைக் கல்லின் மேலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். அதில் புகைக்கரியோடு விலங்குப் பசை இருக்கிறது, காய்ந்து கல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

தூரிகை: முனை கூர்ந்த உருண்டைத் தூரிகை, 10 அல்லது 12ஆம் எண். தட்டைத் தூரிகை உதவாது. ஆட்டுமுடித் தூரிகை புதிதாக வரும்போது கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து விரலால் அவிழ்க்க வேண்டும், கொதிநீர் கூடாது. எழுதி முடித்ததும் சோப்பில்லாமல் அலசி, முனையைக் கூட்டி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மூடி போட்டால் ஏற்காட்டுக் குளிருக்கு இரண்டே நாளில் பூஞ்சணம்.

தாள்: ஜப்பானில் பழகும் ஹன்ஷி ஏறத்தாழ 24க்கு 33 செ.மீ., மெல்லியது, மையை உறிஞ்சும். ஏ4 ஜெராக்ஸ் தாள் உறிஞ்சாது. மை மேலேயே தேங்கி, பக்கத்துத் தாளில் ஒட்டும். அச்சகத்தில் அச்சிடாத நியூஸ்பிரிண்ட் கேட்டு வாங்கி அந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். வழவழப்பான பக்கத்தில் எழுத வேண்டும். அடியில் பழைய கம்பளி விரிப்பது கட்டாயம். வெறும் மேசையில் வைத்தால் ஊடுருவிய மை தாளை மேசையோடு பிடித்துக்கொள்ளும். பனி இறங்கிய நாளில் தாளே ஈரம் வாங்கி எழுத்து பரவும். அன்றைக்கு மையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காதீர்கள்.

முதல் வகுப்புக்கு மையே வேண்டாம். கடப்பைக் கல் பலகையில் தண்ணீர் தொட்டு எழுதட்டும். கோடு கறுப்பாகத் தெரியும், சிறிது நேரத்தில் காய்ந்துவிடும், மறுபடி எழுதலாம்.

மைக்கூடு

எதை எழுதுவது என்பதற்கு: ஒரே ஒரு ஜப்பானிய எழுத்து. ஜப்பானில் தூரிகை வகுப்பு மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பம், அங்கேயும் எளிய எழுத்திலிருந்துதான் போகிறார்கள். 'ஒன்று' என்பது ஒரே கிடைக்கோடு. அதையே ஒரு பீரியட் முழுக்கப் போடச் சொல்லுங்கள். முனை மேல்-இடமிருந்து சாய்வாக இறங்கி ஒரு நொடி நிற்கும். பிறகு அழுத்தம் மாறாமல், சற்றே மேல்நோக்கி வலப்பக்கம் போகும். கடைசியில் நின்று, மெல்ல அழுத்தி, எடுக்க வேண்டும். தூரிகை செங்குத்து, முழங்கை மேசையில் படாது, இடக்கை தாளைப் பிடித்திருக்கும். தொடக்கத்திலேயே குளம் கட்டினால் மை அதிகம். தட்டின் விளிம்பில் வழித்துவிட்டு எழுத வேண்டும். ஒல்லியாகத் தெரிகிறதே என்று மேலே இன்னொரு முறை பூசுவதை முதல் நாளிலிருந்தே தடுங்கள். மெல்லிய தாளில் இரண்டாம் பூச்சின் ஓரம் தனியாகத் தெரியும்.

அடுத்து 'யமா', மலை, மூன்று கோடு: முதலில் நடுக்கோடு, பிறகு இடக்கோடும் அடிக்கோடும் ஒரே இழுப்பில், கடைசியில் வலக்கோடு. 'கவா', ஆறு, அதுவும் மூன்றுதான். ஏற்காட்டுப் பிள்ளைகள் மூடுபனிதான் வேண்டும் என்பார்கள். 'கிரி' என்ற அந்த எழுத்துக்குப் பத்தொன்பது கோடு, தொடக்கக்காரர் கையில் கறுப்புக் கட்டியாகிவிடும். ஒலியை மட்டும் குறிக்கும் எளிய ஜப்பானிய எழுத்தான ஹிரகானாவில் எழுதினால் இரண்டே எழுத்து, ஆறு கோடு.

தமிழ்க் கவிதையைத் தூரிகையால் எழுதவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 'ஐ', 'ண', 'ஞ' எல்லாம் சுழித்துத் திரும்புபவை. நிறுத்தி, தட்டி, வீசி எழுதும் கோட்டுப் பழக்கம் அதில் அப்படியே உட்காராது. ஆறு பீரியடில் இரண்டும் கெடும். கவிதை பேனாவில், சிறியதாக, தாளின் இடப்பக்கம். பெரிய எழுத்து நடுவில்.

காப்பிக்காடு

மிக்க நன்றி. நான்கு பிள்ளைகள் இடக்கைக்காரர்கள். வலக்கைக்கு மாற்றச் சொல்லலாமா? மாட்டுவதற்குப் பின்தாள் ஒட்ட எந்தப் பசை நல்லது?

மைக்கூடு

மாற்றச் சொல்லாதீர்கள். கோடுகளின் திசை வலக்கைக்கு ஏற்றது என்பது உண்மை. இடக்கையில் கிடைக்கோட்டை இழுப்பதற்குப் பதில் தள்ள வேண்டிவரும். தூரிகையைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் அதில் பெரும்பகுதி சரியாகும். மைத்தட்டை இடப்பக்கம் வையுங்கள், மை சொட்டாது.

கன்னங்குறிச்சி

ஜப்பானில் கோதுமை ஸ்டார்ச் பசை. உங்களுக்கு மரவள்ளி ஸ்டார்ச் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஒரு பங்கு மாவை ஐந்து பங்கு குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, ஆறிய பிறகு மோர்ப் பதத்துக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். பூச்சி வராமல் இருக்கச் சிலர் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் தொடும் பசையில் வேண்டாம். அன்றன்றைக்குக் காய்ச்சினால் போதும். பசையை எழுதிய தாளில் தடவாதீர்கள், பின்தாளில் தடவுங்கள். எழுத்து ஒரு நாள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மை கரைந்து பரவும். பனிக்காலத்தில் இரண்டு நாள் விடுங்கள்.

சீருடையில் மை பட்டால் முழுதாகப் போகாது. சோற்றுப் பருக்கையோடு சோப்புத்தூள் சேர்த்து, காய்வதற்குள் தேய்த்தால் ஓரளவு மங்கும். பழைய சட்டை ஒன்றை மேலே போட்டு வரச் சொல்லிவிடுங்கள்.