‘லீக்கி பைப்லைன்’: கசியும் குழாயா, கடைமடையா?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பெண்களை அறிவியல், பொறியியல் பணிகளுக்குக் கொண்டுவர அரசு எந்த அளவுக்கு முனைய வேண்டும் என்ற விவாதத்தை விளக்கும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் பெறுவோரில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் பெண்கள். ஆனால் ஆய்வு, மேம்பாட்டுப் பணியில் நேரடியாக ஈடுபட்டோரில், 2018ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அவர்கள் 16.6 விழுக்காடுதான். இந்த வீழ்ச்சியைக் குறிக்க ‘லீக்கி பைப்லைன்’ என்ற தொடர் கையேடு முழுவதும் வருகிறது. ‘ஒழுகு குழாய்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

*

அன்புள்ள தம்பிக்கு,

வினைத்தொகையாக அது இலக்கணத்துக்கு உட்பட்டதே; பொருள்தான் தலைகீழாகிவிடுகிறது. இலக்கிய வழக்கில் ஒழுகுதல் என்றால் இடையறாது செல்லுதல். நன்னூலார் சூத்திர நிலைகளுள் முதலில் வைக்கும் ‘ஆற்றொழுக்கு’ தடையற்ற ஓட்டத்தையே குறிக்கும். அவ்வாறு பார்த்தால், ஒரு சொட்டும் சிந்தாத குழாய்க்கு அல்லவா இப்பெயர் தகும்? மேலும் ‘ஒழுக்கம்’ பிறந்ததும் இதே வேரில். பெண்கள் வேலையை விடுவதைப் பேசும் இடத்தில் இச்சொல்லை வைத்தால், அவர்கள் நடத்தையைப் பற்றிய தீர்ப்பாக அது காதில் விழும். கண்ணீர் உகுத்தல் என்ற வழக்கு உயிரோடு இருப்பதால், ‘உகுகுழாய்’ என்று ஆக்கலாம் என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

*

ஐயா,

ஒழுக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுதும் ஏற்கிறேன். ஆனால் ‘உகுகுழாய்’ என்று கரும்பலகையில் எழுதினால் என் மாணவிகளுக்குச் சொல்லை விளக்கவே அரை மணி நேரம் போய்விடும். எரிவாயுக் கசிவு, வினாத்தாள் கசிவு என்று நாளிதழ்கள் பழக்கிய சொல் இருக்கிறது. ‘கசியும் குழாய்’ போதும்.

பொறியியல் கல்லூரி ஆசிரியர், திருச்சி

*

திருச்சி நண்பருக்கு,

‘காதலாகிக் கசிந்து’ என்று சம்பந்தர் பாடிய சொல் அது. உள்ளம் உருகுவதற்கு உரிய சொல்லை இழப்பைக் குறிக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கும்பகோணம்

*

அனைவருக்கும் வணக்கம்.

நாம் வினைச்சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குக் குழாயே சிக்கலாகப் படுகிறது. குழாய்க்கு ஒரே வாய். அதிலிருந்து சிந்திய நீர் திரும்ப உள்ளே வராது. பெண்களின் கல்வியும் பணியும் அப்படி அமைவதில்லை. பதினெட்டு வயதில் கைம்பெண்ணாகி, கைக்குழந்தையோடு நின்ற அ. லலிதா, 1940இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மின்பொறியாளரானார். திருமணத்தாலோ மகப்பேற்றாலோ ஆய்வை இடையில் விட்டவர்கள் மீண்டும் வருவதற்காகவே, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002–03இல் பெண் அறிவியலாளர் திட்டத்தைத் தொடங்கியது. குழாய் என்று பெயரிட்ட பிறகு இத்தகைய திட்டத்துக்கு அந்தப் படிமத்தில் இடமே இல்லை.

அரசியல் விவாதத்தின் மையமும் இங்கேதான் இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் 2018 முதல், பிறருக்கான இடங்களைக் குறைக்காமல் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கி, 2020இல் 20 விழுக்காட்டை எட்டுவது என்று முடிவு செய்தார்கள். தேவையான முடிவு அது. நான் அதை ஆதரிக்கிறேன். ஆயினும் அது வாய்க்காலின் தொடக்கமான தலைமடையில் நீர் திறப்பது. குழந்தைகள் காப்பகம் இல்லாத ஆய்வுக்கூடமும், வேலைக்கு வயது வரம்பும், கணவனையும் மனைவியையும் ஒரே துறையில் சேர்க்கத் தயங்கும் வழக்கமும் வழியில் கிடக்கும் அடைப்புகள். மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அதன் கடைசி வயல்களான கடைமடைக்குத் தண்ணீர் வராது என்பதை டெல்டாவில் எந்த உழவரும் சொல்வார். வாய்க்காலில் நடுவிலும் நீர் சேரலாம். தூர் வாரவேண்டிய பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் தானே எழும். ஆகவே ‘கடைமடை வறட்சி’ என்று முன்மொழிகிறேன்.

வேதியியல் ஆசிரியை, மதுரை

*

அம்மா, உங்கள் வாதம் மிகவும் நன்று. ஆனால் ஆறே இல்லாத எங்கள் ஊரில் கிணற்று நீரில்தான் தோட்டம் செய்கிறோம். கடைமடை என்றால் இங்கே பிள்ளைகளுக்கு விளங்காது. குழாய் எல்லோருக்கும் விளங்கும்.

யாழ்ப்பாணம்

*

அன்பர்களே,

நாளை காலை கையேட்டை அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். பெரும்பாலோர் ‘கசியும் குழாய்’ என்பதையே ஏற்பதால் அதையே கையேடு முழுவதும் வைக்கிறேன். மதுரை ஆசிரியையின் கடைமடை விளக்கத்தைக் கூடுதல் இடங்கள் பற்றிய பகுதியில் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

சென்னை

*

பத்தியைச் சேர்த்தமைக்கு நன்றி. தலைப்புச் சொல்லை நான் ஏற்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு இடைவெளிக்குப் பின் ஆய்வுக்குத் திரும்பிய ஒருவர் என் துறையில் இருக்கிறார். இந்தக் கையேட்டை அவரிடம் கொடுக்கும்போது, அவரைக் கசிந்துபோன நீர் என்று சொல்லும் பக்கத்தை நான் எப்படி விளக்குவேன்?

மதுரை