இமேஜின் சாஃப்ட்வேரை மூழ்கடித்தது காப்பி கேசட்டா, வெட்டிப் பந்தாவா?

தூசிக்கேசட்:
நேற்று பேச்சோடு பேச்சாக மொட்டைமாடி "இமேஜின் ஆடம்பரத்தில் அழிஞ்ச கம்பெனி" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். அதைச் சும்மா விட மனசில்லை. பக்-பைட் என்ற கேம் கம்பெனியை விட்டு வெளியே வந்த மார்க் பட்லரும் டேவிட் லாசனும் 1982ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஆரம்பித்த கம்ப்யூட்டர் கேம் கம்பெனிதான் இமேஜின். முதல் கேம் ஆர்கேடியாவே நன்றாக விற்றது. ஆனால் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கான கேம் என்பது கடைசியில் ஒரு சாதாரண ஆடியோ கேசட்தானே? ஐந்தரை பவுண்டு கொடுத்து ஒரு பையன் வாங்குவான், இரண்டு கேசட் போடும் டபுள் டெக் டேப் ரிக்கார்டர் இருக்கிற வீட்டில் காப்பி போட்டு வகுப்பே ஆடும். கம்பெனிக்காரர்களும் அப்போது இதைத்தான் சொன்னார்கள்.

மொட்டைமாடி:
அவங்களே சொன்னதுதான் அண்ணே சாட்சியா? கடை மூடினவன் என்னைக்காவது தன்னைக் குறை சொல்லியிருக்கானா?

அதே ஸ்பெக்ட்ரம், அதே கேசட், அதே டபுள் டெக். ஆஷ்பி-டி-லா-ஸூஷ் என்ற சின்ன ஊரில் உட்கார்ந்து ஸ்டாம்பர் சகோதரர்கள் அல்டிமேட் கம்பெனியை நடத்தினாங்க. பேட்டி கொடுப்பதே அபூர்வம். 1983ல் ஜெட்பேக். 1984ல் சேபர் வுல்ஃப் வந்தபோது விலையை 9.95 பவுண்டுக்கு ஏத்தினாங்க. இவ்வளவு காசு போட்டு வாங்கினவன் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சும்மா காப்பி போட்டுத் தரமாட்டான் என்று கணக்கு. அதுவும் ஓடியது. திருடர்கள் இமேஜின் கேசட்டை மட்டும் தேடிப் பிடிச்சா திருடினாங்க?

பழைய மானிட்டர்:
இடையில் ஒரு விஷயம். 1983 கிறிஸ்துமஸுக்கு முன், போட்டிக் கம்பெனிகளுக்குக் கிடைக்காதபடி கேசட் பிரதி எடுக்கும் ஆலையின் நேரத்தை இமேஜின் மொத்தமாக வளைத்துப் போட்டது என்று ஒரு கதை பரவலாக உண்டு. பண்டிகை முடிந்ததும் அத்தனை சரக்கும் அவர்கள் தலையிலேயே விழுந்ததாம். கதை உண்மையென்றால் அந்தக் குழியை அவர்களேதான் வெட்டினார்கள்.

தூசிக்கேசட்:
கதை கதையாகவே இருக்கட்டும். மெகாகேம் என்று இமேஜின் பெரிதாக அறிவித்த கேம்களை மறந்துவிட்டீர்களே? பேண்டர்ஸ்நாட்ச், சைக்லாப்ஸ் என்ற அந்த இரண்டுக்கும் கம்ப்யூட்டரின் பின்னால் செருகுகிற ஒரு வன்பொருளையும் சேர்த்துத் தருவதாகத் திட்டம். ஸ்பெக்ட்ரமின் 48 கே நினைவகம் போதவில்லை என்பது ஒரு காரணம். அந்த வன்பொருள் இல்லாமல் வெறும் கேசட்டைக் காப்பி அடித்துப் பயனில்லை என்பது இன்னொன்று. நீங்கள் கிறுக்குத்தனம் என்பதை நான் தற்காப்பு என்கிறேன்.

மொட்டைமாடி:
தற்காப்பா! அந்த மெகாகேம் விளம்பரத்தைப் பார்த்திருக்கீங்களா? கேமில் இருந்து ஒரு படம்கூட கிடையாது. நாலு புரோகிராமர்களின் முகம்தான். காட்ட கேம் இருந்தால்தானே காட்டுவாங்க!

அதில் ஒருத்தர் யூஜின் எவன்ஸ். பதின்ம வயசுப் பையன், வருஷத்துக்கு 35,000 பவுண்டு சம்பளம் என்று பத்திரிகைகளில் வந்தது. அந்தத் தொகை ஊதிப் பெருக்கினது என்பது பிறகு தெரிந்தது. சம்பளத்தையே விளம்பரமாக ஆக்கின கம்பெனி அண்ணே இது. வாசலில் ஃபெராரி வேற. மார்ஷல் கேவண்டிஷ் பதிப்பகத்துக்கு கேம் செய்து தரும் ஒப்பந்தத்தை நம்பி ஆள் எடுத்தாங்க, அதுவும் கைநழுவிப் போச்சு.

முடிவைப் பாருங்க. 1984 ஜூலை 9, லண்டன் உயர் நீதிமன்றத்தில் கம்பெனியைக் கலைக்க உத்தரவு. கடைசியில் கழுத்தைப் பிடிச்சது பத்திரிகை விளம்பரத்துக்குத் தரவேண்டிய பாக்கி, சுமார் 10,000 பவுண்டு. அதைக்கூடப் புரட்ட முடியலை. ஜப்தி ஆட்கள் வந்தபோது பிபிசி கேமராவே உள்ளே இருந்தது. வெற்றிக் கதை எடுக்க வந்தவங்க இழவு வீட்டைப் படம் எடுத்துட்டுப் போனாங்க.

தூசிக்கேசட்:
விளம்பர பாக்கி விஷயம் எனக்குச் சங்கடம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெறும் பந்தா என்றால் மீதி எல்லாம் எங்கிருந்து வந்தது? ஸ்டாங்கர்ஸ் 1983லேயே வந்த நிகழ்நேரப் போர் கேம்.

பழைய மானிட்டர்:
பாதியில் தொங்கிவிடும் கேமும் அதுதான் 😀

தூசிக்கேசட்:
தொங்கட்டும் ஐயா, யோசனை யாருடையது? அதை எழுதிய ஜான் கிப்சனும் கூட இருந்தவர்களும் வெளியே போய் டென்டன் டிசைன்ஸ் தொடங்கினார்கள். லாசனும் இமேஜினில் இருந்த இயன் ஹெதரிங்டனும் சைக்னோசிஸ் என்ற கேம் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1991ல் லெம்மிங்ஸ் கேமை வெளியிட்டது அதுதான், 1993ல் சோனி வாங்கியதும் அதைத்தான். திறமை இல்லாத இடத்திலிருந்து இதெல்லாம் முளைக்காது.

மொட்டைமாடி:
திறமை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? லெம்மிங்ஸ் எழுதினது ஸ்காட்லாந்தின் டிஎம்ஏ டிசைன், சைக்னோசிஸ் வெளியிட்டது, அவ்வளவுதான். உங்க மெகாகேம் யோசனை கடைசியில் பிரட்டக்காஸ் என்று 1986ல் வந்ததே, ஆடிப் பார்த்தீங்களா? அட்டாரி எஸ்டி, அமிகா மாதிரி பெரிய மெஷின்களில் ஓடியது. 48 கே தடையும் இல்லை. ஆளை நேராக நடக்க வைக்கவே பத்து நிமிஷம் ஆகும்.

தூசிக்கேசட்:
ஆடினேன். நடக்க வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. காப்பி விஷயத்தில் மட்டும் நான் பின்வாங்கவில்லை. அல்டிமேட்டும் விலையை ஏற்றியது அந்தப் பயத்தில்தானே? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.