ஒரே சான்று, எதிரெதிர் முடிவுகள்: வரலாறு வெறும் கருத்துதானா?

கேள்வி
வரலாற்று முறையியலை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரே கல்வெட்டை வைத்துக்கொண்டு இரண்டு ஆய்வாளர்கள் எதிரெதிரான முடிவுகளுக்கு வருகிறார்கள் என்றால், வரலாறு அவரவர் கருத்துதான் என்று சொல்லிவிடலாமா?

மறுமொழி 1
சொல்ல முடியாது. கி.மு. 1274 அளவில் எகிப்து அரசர் இரண்டாம் ராம்செஸுக்கும், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் அரசர் முவத்தல்லிக்கும் சிரியாவின் காதேஷ் நகரருகே நடந்த போரைப் பாருங்கள். தன்னந்தனியாகத் தேரேறிப் பகைவரை ஆற்றில் தள்ளிய வீரனாக ராம்செஸ் தம்மைக் கோயில் சுவர்களில் செதுக்க வைத்தார்; நெடுங்காலம் அறிஞர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு தரப்புதான். 1906-இல் துருக்கியின் போகாஸ்கோய் என்ற ஊரில் அகழாய்வு தொடங்கி, ஹிட்டைட் தலைநகரின் களிமண் பலகைகள் வெளிவந்த பிறகு, பின்வாங்கியது எகிப்துதான் என்று சொல்லும் மறுதரப்பும் கிடைத்தது. போருக்குப் பின், இரு பேரரசுகளுக்கும் இடையில் இருந்த அமுர்ரு நாடு ஹிட்டைட்டுகளின் கைக்குப் போனதால், ராம்செஸ் பறைசாற்றும் முழு வெற்றியை இன்று எவரும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால், திடீர்த் தாக்குதலுக்கு ஆளாகியும் அவர் மீண்டதைப் பெரிதாகக் கொள்வதா, காதேஷைப் பிடிக்காமலே திரும்பியதைப் பெரிதாகக் கொள்வதா என்ற வாதம் ஓயவில்லை. விளக்கங்கள் பலவாக இருக்கலாம். எல்லா விளக்கத்துக்கும் சான்று இடம் தராது.

கேள்வி கேட்டவர்
நன்றி. இரு தரப்பும் எழுதிவைத்திருந்தால் ஒப்பிடலாம். எழுத்தறியாத எளியவர்களின் நிலை என்ன?

மறுமொழி 2
அவர்களைப் பிறருடைய ஆவணங்களில்தான் தேட வேண்டும். தென் பிரான்சில் கத்தோலிக்க ஆயர் ஜாக் ஃபூர்னியே சமயப் பிறழ்வு (திருச்சபைக்கு மாறான நம்பிக்கை) குறித்து 1318 முதல் 1325 வரை நடத்திய விசாரணைகளின் பதிவேடு நல்ல எடுத்துக்காட்டு. உழவரும் இடையரும் அச்சத்தோடு, கேட்டதற்கு மட்டும் விடை சொன்னார்கள். ஆகவே யார் எதை நம்பினார் என்ற வாக்குமூலங்களை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனால் ஒரு பேச்சு நடந்த வேளையில் யார் யாருக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார் என்று போகிற போக்கில் வந்து விழும் செய்தியில் பொய் சொல்ல யாருக்கும் காரணமில்லை. அந்த ஊர்களின் அன்றாட வாழ்வைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி அப்படி வந்ததே.

மறுமொழி 3
உடன்படுகிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எது எஞ்சியது என்பதையும் கேட்க வேண்டும். ஃபூர்னியேயின் பதிவேடுகளில் ஒரு தொகுதிதான் பிழைத்து வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அவர் பின்னாளில் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப் ஆகாமல் இருந்திருந்தால், அதுவும் அங்கே போய்ச் சேர்ந்திருக்குமா என்பது ஐயமே.